மேற்குப் பார்த்த வீட்டுக்கு எலிவேஷன் (முகப்புத் தோற்றம்): நாலு டிசைன், வீட்டுக்குள் நாலு கட்சி

பெண்ணையாற்றங்கரை | ஞாயிறு, காலை 9.40

வணக்கம். வீடு கட்டுகிறவர்களின் இந்தக் குழுவில் ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இப்போது மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டினத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் போன வருஷம் தையில் இடித்தோம். தாத்தா கட்டியது. 30க்கு 50 மனை, மேற்குப் பார்த்த வாசல். அதே இடத்தில் கீழும் மேலுமாகக் கட்டி, கான்கிரீட் எல்லாம் முடிந்து, உள்பூச்சும் முடிந்துவிட்டது. வெளிப்பூச்சுக்கு மேஸ்திரி சாரம் கட்டிவிட்டு, "எலிவேஷன் என்னன்னு சொல்லுங்க சார், இல்லேன்னா ஆளுங்களை வேற வேலைக்கு அனுப்பிடறேன்" என்கிறார். தினமும் சொல்கிறார்.

இணையத்தில் ஒருவரிடம் பணம் கட்டி த்ரீடி படம் வாங்கினேன். நாலு டிசைன் அனுப்பினார்.

முதலாவது, பெட்டி பெட்டியாக வெளியே நீட்டி, ஓரமெல்லாம் கறுப்புப் பட்டை, உள்ளே மஞ்சள் லைட். பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு இதுதான் வேண்டும். இரண்டாவது, முன்சுவர் முழுக்க ஏசிபி தகடு (இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது), மாடிப்படிப் பக்கம் கண்ணாடி. மூன்றாவது, மேலே பால்கனியில் டெரகோட்டா ஜாலி, அதாவது சுட்ட மண்ணில் செய்த ஓட்டைத் தடுப்பு. இது மனைவியின் கட்சி. நாலாவது, சரிவாக ஓடு வைத்தது. அப்பா அதை மட்டும் பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் "சினிமா கொட்டகை" என்று தள்ளிவிட்டார். அம்மா எந்தப் படத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. "திண்ணை எங்கடா?" என்று ஒரே கேள்வி.

முன்னால் சிட்அவுட் இருக்கிறது. 6 அடி ஆழம், பீமின் அடிமட்டம் தரையிலிருந்து 9 அடி. அதற்கு மேல் பால்கனி. எலிவேஷனுக்கு என்று ஒதுக்கியது மூன்றரை லட்சம். அதற்கு மேல் போனால் கேட் வாங்கக் காசு இல்லை.

நவீனமாகவும் இருக்க வேண்டும், பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் கூச்சமாகவும் இருக்கக் கூடாது. என்ன செய்யலாம்?


ஓசூர் மேம்பாலம் | ஞாயிறு, காலை 10.15

முதலாவது. யோசிக்கவே வேண்டாம். எங்கள் லேஅவுட்டில் பத்து வீட்டில் ஏழு அப்படித்தான். வாடகைக்கு விட்டாலும் முன்பக்கம் பார்த்துத்தான் ஆள் வருகிறார்கள். ஓடு வைத்தால் ரிசார்ட் என்று நினைத்து யாராவது உள்ளே வந்து ரூம் இருக்கா என்று கேட்பார்கள்.


மத்தூர் இன்ஜினியர் | ஞாயிறு, காலை 11.30

படம் போட்டவர் உங்கள் வீடு மேற்குப் பார்த்தது என்று கேட்டாரா? நாலு படத்திலும் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் காலை பத்து மணி வெயில் மாதிரி அழகாக ஒரு ஓரத்திலிருந்து வரும். மேற்குச் சுவருக்குக் காலை பத்து மணி வெயிலே கிடையாது. அதற்கு வருவதெல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு வருகிற, கண்ணுக்கு நேரே குத்துகிற வெயில்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் விழும். நம் ஊர் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சாயங்காலம் நாலேகால் வாக்கில் சூரியன் தொடுவானத்திலிருந்து 29 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்த நேரத்தில் மேற்குச் சுவரில் 2 அடி சன்ஷேடு கொடுக்கிற நிழல் எவ்வளவு தெரியுமா? ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே. ஐந்தேகால் மணிக்கு அரை அடி. அவ்வளவுதான். அதாவது ஜன்னலுக்கு மேலே நீங்கள் போடுகிற அந்தப் பெட்டி, நாலு மணிக்கு மேல் ஜன்னலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

தெற்குப் பார்த்த வீடாக இருந்தால் கதை வேறு. மார்கழி உச்சி வெயில்கூட 54 டிகிரி உயரத்தில் இருக்கும், 2 அடி சன்ஷேடு முக்கால்வாசி ஜன்னலை மூடிவிடும். மேற்குக்கு அந்த வைத்தியம் செல்லாது. எதிரே ஏதாவது நின்று மறைக்க வேண்டும்.

எலிவேஷனைத் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்காக மட்டும் முடிவு செய்யாதீர்கள். சாயங்காலம் நாலரைக்கு அந்த சிட்அவுட்டில் யார் உட்காருவார்கள், என்ன செய்வார்கள்? அதைச் சொல்லுங்கள்.


பெண்ணையாற்றங்கரை | ஞாயிறு, மதியம் 12.05

அம்மாதான். பழைய வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணைக்கு வந்துவிடுவார். மாசி பங்குனியில் புளி. பக்கத்து வீட்டு அத்தைகள் இரண்டு பேர் வருவார்கள், மூட்டையைக் கொட்டி ஓடு தட்டி, நார் எடுத்து, கொட்டை எடுத்து, இருட்டும் வரைக்கும் பேச்சு. மற்ற மாதங்களில் வெறும் பேச்சு.


அரூர்க்காரி | ஞாயிறு, மதியம் 1.20

அப்படியானால் உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. எங்கள் பக்கத்தில் புது வீடு கட்டினவர்கள் எல்லோரும் திண்ணையை எடுத்துவிட்டு சிட்அவுட் வைத்தார்கள். சிட்அவுட்டில் ஒரு ஸ்டீல் நாற்காலி, இரண்டு பைக், செருப்பு ஸ்டாண்டு. பெண்கள் புளி தட்டுவது இப்போது கார் நிறுத்துகிற இடத்தில், தரையில் சாக்கு போட்டு. முழங்கால் வலி அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் வந்தது. திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம், தரையில் முடியாது. ஒன்றரை அடி உயரம் என்பது சும்மா வைத்த அளவு இல்லை.

இன்னொன்று. கண்ணாடி, லூவர் (சாய்வுப் பட்டைகள்), ஜாலி என்று ஆளுக்கு ஒன்று சொல்லப் போகிறீர்கள். யார் துடைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் மாடிக் கண்ணாடியை வெளியே நின்று துடைக்க ஏணி வேண்டும், ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டு ஆண்கள் தீபாவளிக்கு ஒருமுறை செய்வார்கள். மீதி நாள் அது அழுக்காகவே இருக்கும்.


ஓசூர் மேம்பாலம் | ஞாயிறு, மதியம் 1.45

ஒரு எலிவேஷன் கேட்டதற்கு முழங்கால் வலி வரை வந்துவிட்டோம்.


பென்னாகரம் ரோடு | ஞாயிறு, மாலை 6.10

தர்மபுரியில் இருக்கிறேன். 2019-இல் ஏசிபி போட்டவன். என் கதையைக் கேளுங்கள்.

கட்டி முடித்த அன்று ஊரே நின்று பார்த்தது உண்மை. மாமனார் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். ஒரு வருஷம் நன்றாக இருந்தது. அப்புறம் தகடுக்கும் தகடுக்கும் நடுவில் அடைத்த சிலிக்கான் கறுத்தது. மழைக்குப் பிறகு ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் கீழே ஒரு கறுப்புக் கோடு, கண்மை கரைந்த மாதிரி. தகடுக்குப் பின்னால் சுவருக்கும் அதற்கும் நடுவே இரண்டு அங்குலம் இடம். அதில் குளவி கட்டியது. குளவியைக் கலைத்தோம், அடுத்த வருஷம் புறா வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் தகடுக்குள் புறா நடப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? யாரோ டின்னைச் சுரண்டுவது மாதிரி இருக்கும்.

போட்டவருக்கு போன் செய்தால் "வரேண்ணா, நாளைக்கு வரேண்ணா". நாலு வருஷமாக நாளைக்கு வருகிறார். ஒரு ஆடிக் காற்றில் மூலைத் தகடு ஒன்று மடங்கிப் போய், அதே நிறம் இப்போது கிடைப்பதில்லை என்றார்கள். பக்கத்து நிறத்தில் ஒன்று போட்டிருக்கிறேன். தெருமுனையிலிருந்தே தெரியும்.

தகட்டுக்கு நடுவில் இருப்பது சாதாரண பாலித்தீன் என்றால் தீப்பிடிக்கும் என்பதும் பிறகுதான் படித்தேன். லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 2017-இல் 72 பேர் செத்தது அந்த மாதிரித் தகடு வழியாகத் தீ ஏறித்தான்.


ஓசூர் மேம்பாலம் | ஞாயிறு, மாலை 6.40

அது இருபத்து நாலு மாடி அண்ணா. இவர் வீடு ஒரு மாடி. தீப்பிடிக்காத ரகமும் கிடைக்கிறது. புறாவுக்கு வலை போட்டால் முடிந்தது.


பென்னாகரம் ரோடு | ஞாயிறு, மாலை 6.52

தீ விஷயத்தில் சரி, ஒத்துக்கொள்கிறேன். புறா விஷயத்தில் ஒரு ராத்திரி வந்து எங்கள் வீட்டில் படுத்துப் பாருங்கள்.


ஜெகதேவி கல் | ஞாயிறு, இரவு 9.00

பர்கூர் ஜெகதேவி பக்கம் கிரானைட் தொழிலில் இருக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு தகடு, பிளாஸ்டிக் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்று வயிறு எரிகிறது. பாரடைசோ என்கிற கிரானைட் இங்கிருந்து கப்பல் ஏறி எங்கெங்கோ போகிறது, நம் வீட்டு முகப்புக்கு வருவது கல் மாதிரித் தெரிகிற டைல்.

ஆனால் நானே சொல்கிறேன், முழுச்சுவருக்கும் கல் ஒட்டாதீர்கள். 20 மில்லி கிரானைட் ஒரு சதுர அடி ஐந்து கிலோ வரும். பத்தடி உயரத்துக்கு மேல் வெறும் சிமெண்டு குழைத்து ஒட்டினால் என்றைக்கு விழும் என்று சொல்ல முடியாது. வெயிலில் கல் ஒரு மாதிரி விரியும், சுவர் வேறு மாதிரி விரியும், நடுவில் இருக்கிற சிமெண்டு விட்டுவிடும். தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று பொய்யான சத்தம் வரும், அதுதான் அடையாளம். உயரத்தில் கல் வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் கிளாம்பு அடித்து மாட்ட வேண்டும், செலவு எகிறும்.

மேற்குச் சுவருக்குப் பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லும் வேண்டாம். வெயிலில் பத்தில் ஒன்பது பங்கைக் குடித்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும்.

கல்லை வைக்க வேண்டிய இடம் கீழே. தரையிலிருந்து மூன்றடி. மழை தெறிக்கிற இடம், பைக் சாய்கிற இடம், பிள்ளைகள் பந்தடிக்கிற இடம். அங்கே சாம்பல் கல், ஃபிளேம் அடித்த (நெருப்புக் காட்டிய) சொரசொரப்பு முகம். கட் பீஸ் யார்டில் கேட்டால் மலிவாகக் கிடைக்கும், அளவு மட்டும் கலந்து இருக்கும். கலந்து இருந்தால்தான் அழகு.

பழைய வீட்டுத் திண்ணைக் கல் என்ன ஆயிற்று?


பெண்ணையாற்றங்கரை | திங்கள், காலை 7.30

இருக்கிறது அண்ணா. நாலு பலகை. ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம். பின்னால் தென்னை மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து ஓரமெல்லாம் வழவழப்பாகி, ஒன்றில் மட்டும் நடுவில் லேசாகக் குழி. தாத்தா வெற்றிலை இடித்த இடம் என்று அப்பா சொல்வார். ஓடும் இருக்கிறது. அப்பா ஒன்றையும் விற்க விடவில்லை.


ஜெகதேவி கல் | திங்கள், காலை 7.42

அப்புறம் எதற்கு எலிவேஷனுக்கு இணையத்தில் ஆள் தேடினீர்கள்?


பிரஷ் பார்ட்டி | திங்கள், காலை 11.00

நான் பெயிண்டர். இருபத்தைந்து வருஷம். எல்லோரும் டிசைன் பேசுகிறீர்கள், யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

தம்பி, போர் தண்ணீரில்தானே பூச்சு குழைக்கிறீர்கள்? நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கெண்டியைப் பார்த்தாலே தெரியும். அந்த உப்பு பூச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மழை பெய்து வெயில் அடித்ததும் வெளியே வந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அடர்ந்த நிறம் அடித்த சுவரில் அது எப்படித் தெரியும்? கறுப்புச் சட்டையில் கோலமாவு கொட்டின மாதிரி. த்ரீடி படத்தில் வரும் அந்தக் கரும்சாம்பல் நிறத்தை நான் அடித்துக்கொடுத்த வீடுகளில் பாதி இரண்டாவது வருஷமே திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு நல்ல வியாபாரம், அதை விடுங்கள்.

முடிந்தால் வெளிப்பூச்சுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரி வாங்குங்கள். பூச்சு முடிந்து, தண்ணீர் காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று ஈரச் சுவரில் அடிக்கச் சொன்னால் நான் அடிப்பேன், அது உரியும், நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

டெக்ஸ்சர் அடிக்காதீர்கள். உங்கள் ஊர் பைபாஸ் பக்கம் தூசி எவ்வளவு? அந்த மேடு பள்ளத்தில் ஏறி உட்கார்ந்த தூசி எந்த மழைக்கும் இறங்காது. வழவழப்பான பூச்சு, வெள்ளை இல்லையென்றால் மோர் நிறம். மங்கினாலும் ஒன்றுபோல மங்கும்.


மத்தூர் இன்ஜினியர் | திங்கள், மதியம் 2.10

பெயிண்டர் அண்ணன் சொன்னது கம்பிக்கும் பொருந்தும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. கான்கிரீட் ஏற்கெனவே முடிந்துவிட்டது, அதை விட்டுவிடுவோம்.

வெளிப்பூச்சு இன்னும் ஆகவில்லை என்பதால் இரண்டு சின்ன வேலை, மேஸ்திரியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சன்ஷேடு, பால்கனி ஸ்லாபு எதுவானாலும் அடிப்பக்கத்தில் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, நீளவாக்கில் விரல் அகலத்துக்கு ஒரு காடி இழுக்கச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டிச் சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லாத சன்ஷேடுக்குக் கீழே பாருங்கள், பாசி பிடித்துக் கறுத்திருக்கும். அடுத்தது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலை உள்பக்கமாகச் சரிய வேண்டும். வெளியே சரிந்தால் மேலே சேர்கிற தூசியெல்லாம் முதல் மழைக்கு முகப்பில் இறங்கும். செலவு ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எலிவேஷனைக் கெடுப்பது டிசைன் இல்லை, பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் சாமான்கள். ஏசியின் அவுட்டோர் யூனிட், டிஷ், கேபிள் வயர், மழைத்தண்ணீர்க் குழாய், ஈ.பி. மீட்டர் பெட்டி, கேமரா. படத்தில் இவை ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொன்றும் எங்கே வரும் என்று சாக்பீஸால் சுவரில் இப்போதே குறித்துவிடுங்கள்.


தென்னங்கீற்று | திங்கள், மாலை 5.00

இரண்டு புங்க மரம் வைங்க. நாலு வருஷத்தில் நிழல். மூன்றரை லட்சம் மிச்சம்.


ஓசூர் மேம்பாலம் | திங்கள், மாலை 5.20

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களை நாலு வருஷம் கழித்து வரச் சொல்லலாம்.

சரி, விளையாட்டு போகட்டும். நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைத் தாத்தா வீட்டையே திரும்பக் கட்ட வைக்கிறீர்கள். அந்த வீடு ஒழுகியிருக்கும், எலி இருந்திருக்கும், மழைக்காலத்தில் ஓடு மாற்ற ஆள் கிடைத்திருக்காது, அதனால்தானே இடித்திருப்பார்? அவருடைய தம்பிக்கும் இந்தப் புது வீட்டில் பங்கு இருக்கும்தானே. அவருக்குப் புதுசாகத் தெரிய வேண்டும் என்று ஆசை இருந்தால் அது தப்பா? கான்கிரீட் வீட்டின் நெற்றியில் சும்மா நாலு ஓடுகளை வைத்து ஒட்டுவது ஏசிபி தகட்டைவிட எந்த விதத்தில் நிஜம்? அதுவும் ஒரு வேஷம்தான்.


மத்தூர் இன்ஜினியர் | திங்கள், இரவு 8.30

ஓசூர்க்காரர் இந்த இழையில் முதல்முறையாக நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அழகுக்கு மட்டும் வைத்த ஓடு வேஷம்தான், நானும் அதையே சொல்வேன். இரண்டு நாளாக இதை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கே ஆச்சரியம்.

இப்போதுள்ளபடி 6 அடி ஆழ சிட்அவுட், 9 அடியில் பீம். பங்குனியில் நாலேகாலுக்கு வெயில் உள்சுவரில் ஐந்தரை அடி உயரம் வரை ஏறும். திண்ணை போட்டு உட்கார்ந்தால் முகம், தலை எல்லாம் வெயில்.

இப்போது அந்த பீமிலிருந்து வெளியே 3 அடிக்கு ஒரு சரிவு ஓட்டுத் தாழ்வாரம் இறக்குங்கள். தொடக்கம் 9 அடி, விளிம்பு 7 அடி. அதே நாலேகாலுக்கு வெயில் உள்சுவரில் இரண்டடி வாக்கில்தான் ஏறும். திண்ணை மட்டத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். ஐந்தேகாலுக்கு நாலரை அடி வரும், அதற்கு ஒரு கோரைத் திரையோ மூங்கில் தட்டியோ போதும்.

வித்தியாசம் மூன்றடி நீளத்தால் மட்டும் வந்தது இல்லை, விளிம்பு இரண்டடி கீழே இறங்கியதாலும் வந்தது. பழைய வீடுகளில் குனிந்துதான் திண்ணைக்குள் போவோம், ஞாபகம் இருக்கிறதா? வணக்கத்துக்காகக் குனிய வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தாழ்ந்த விளிம்புதான் சாய்ந்த வெயிலைத் தடுக்கும் என்பதும் கட்டினவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, அந்த ஓடு ஏழடிக்கு இறங்கினால் வேலை செய்கிறது. பதினெட்டு அடி உயரத்தில் நெற்றியில் உட்கார்ந்தால் வேஷம். நாலாவது படத்தில் எங்கே இருக்கிறது?


பெண்ணையாற்றங்கரை | திங்கள், இரவு 8.55

பதினெட்டு அடியில்தான் இருக்கிறது.


அரூர்க்காரி | திங்கள், இரவு 9.15

கணக்கை நம்புவதற்கு முன்னால் ஒரு நாள் நேரிலேயே பார்த்துவிடுங்களேன். இப்போது பங்குனிதானே. ஏழடியில் ஒரு கம்பைக் கட்டித் துணி தொங்கவிட்டால் தெரிந்துவிடும்.


பெண்ணையாற்றங்கரை | வியாழன், இரவு 10.20

பார்த்துவிட்டோம்.

சாரத்துக் கம்பிலேயே மூன்றடி வெளியே, ஏழடி உயரத்தில் குறுக்கே ஒரு மூங்கில் கட்டினோம். அதிலிருந்து பீமுக்கு நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியாயிற்று. மேஸ்திரி "என்ன சார், பந்தலா?" என்று கேட்டுவிட்டுத் தானும் வந்து நின்றுகொண்டார். திண்ணை வர வேண்டிய இடத்தில் நாலு ஹாலோ பிளாக், மேலே சென்ட்ரிங் பலகை. அம்மா அதில் உட்கார்ந்தார். சும்மா உட்கார மாட்டாரே, ஒரு முறம் புளியோடு வந்தார்.

நாலேகாலுக்குச் சுவரில் வெயில் விழுந்த கோட்டை அப்பா சாக்பீஸால் போட்டார். தரையிலிருந்து ஒன்றே முக்கால் அடி. தார்ப்பாயை அவிழ்த்ததும் வெயில் அப்படியே ஏறி அம்மா முகத்துக்கு வந்தது. கையிலிருந்த புளியங்கொட்டையை அப்பா மேல் எறிந்துவிட்டு "கட்டுங்க மறுபடியும்" என்றார். ஐந்தே முக்கால் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அரை மணிக்கு ஒரு கோடு, சுவரில் இப்போது ஏணி வரைந்த மாதிரி நாலு கோடு இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். "நல்லாதான் இருக்கு, ஆனா தார்ப்பாய் கலர் மட்டும் வேண்டாம்" என்று பதில். ஒப்புக்கொண்டான் என்று எடுத்துக்கொள்கிறேன்.


ஓசூர் மேம்பாலம் | வியாழன், இரவு 10.45

தம்பிக்கு ஏதாவது ஒன்று கொடுங்கள். பாவம். மேல்மாடியை அவருக்கு விட்டுவிடுங்கள்.


பெண்ணையாற்றங்கரை | வெள்ளி, காலை 6.50

அதையும் பேசினோம். மேல்மாடிப் பால்கனிக்கு ஒரே ஒரு பெட்டி, நேரான கோடு, ஓரப் பட்டை கிடையாது. அதன் முன்பக்கத்தில் பாதிக்கு டெரகோட்டா ஜாலி. மனைவி கேட்டது அது, தம்பி கேட்டது பெட்டி. ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிட்டது. ஜாலியின் தூசிக்கு என்ன செய்வது என்று அரூர் அக்காதான் சொல்ல வேண்டும்.


அரூர்க்காரி | வெள்ளி, காலை 9.05

பால்கனிக்கு உள்ளே நின்று கை எட்டுகிற உயரத்துக்கு மட்டும் வையுங்கள். ஹோஸ் பைப்பை உள்ளேயிருந்து பீய்ச்சினால் தூசி வெளியே போய்விடும். கை எட்டாத இடத்தில் வைத்தால் சிலந்திக்குத்தான் வீடு. ஓட்டை பெரிதாக இருக்கிற மாதிரி பாருங்கள், சின்ன ஓட்டையில் குளவி மண் அடைக்கும்.


மத்தூர் இன்ஜினியர் | வெள்ளி, காலை 9.40

ஓட்டுத் தாழ்வாரத்துக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய் பிரேம் போதும், பீமில் ஆங்கர் போல்ட் அடித்து. கான்கிரீட் சரிவு போட்டு அதன் மேல் ஓடு ஒட்டாதீர்கள், வீண் எடை. முன்புறம் விட்ட இடத்துக்குள் மூன்றடி நீட்டலாமா என்று வரைபடம் போட்டவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ரோட்டு அகலத்தைப் பொறுத்து அது மாறும். நீட்டுவது தெருவில் தண்ணீர் கொட்டுகிற மாதிரி இருந்தால் எதிர் வீட்டோடு சண்டை வரும், விளிம்பில் மழைத்தண்ணீர் ஓட ஒரு தகரக் கால்வாயும் வையுங்கள். தகரத்திலிருந்து தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்கு விட்டுவிடலாம்.

ஏழடி விளிம்புக்குக் கீழே உயரமாகச் சரக்கு ஏற்றிய லோடு ஆட்டோ உள்ளே வராது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.


பெண்ணையாற்றங்கரை | வெள்ளி, காலை 10.10

கார் நிறுத்துவது தெற்குப் பக்கம், தாழ்வாரம் வடக்கே 20 அடி நீளத்துக்குத்தான். தப்பித்தோம்.


பெண்ணையாற்றங்கரை | ஒன்றரை மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

கேட்டவர்களுக்காக. வெளிப்பூச்சு லாரித் தண்ணீரில் முடிந்தது, காடி இழுத்தாயிற்று. முதல் நாள் மேஸ்திரி மறந்துவிட்டார், அப்பா ஏணி போட்டு விரல் விட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சத்தம் போட்டார், மறுநாள் வெட்டினார்கள். கீழே மூன்றடிக்கு சாம்பல் கல். ஜெகதேவி அண்ணன் சொன்னபடி கட் பீஸ், அளவு கலந்து. மேலே மோர் நிறம் இன்னும் அடிக்கவில்லை, காயட்டும் என்று பெயிண்டர் சொல்கிறார், வேறு பெயிண்டர்தான், ஆனால் அவரும் அதையே சொல்கிறார்.

திண்ணைக்குப் பழைய பலகை நாலில் மூன்று போட்டோம். குழி விழுந்த பலகை வாசலுக்கு வலப்பக்கம். அம்மா அதன் பக்கத்தில்தான் உட்காருகிறார், குழியில் கொட்டையைப் போடுகிறார்.

ஓட்டுக்கு 20 அடி நீளம், சரிவு மூன்றரை அடி சொச்சம். நூற்றுப் பத்து ஓடு பிடித்தது. கழுவிக் காயவைத்து, பின்பக்க முத்திரை தேய்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு, நல்லதாகப் பார்த்து அப்பாவே எடுத்துக் கொடுத்தார்.

தோற்றது ஒன்றில். மீட்டர் பெட்டி முன்சுவரில் நட்ட நடுவில்தான் வந்திருக்கிறது. சாக்பீஸால் குறித்த இடம் வேறு. நான் அன்றைக்கு ஊரில் இல்லை.


பென்னாகரம் ரோடு | ஞாயிறு, இரவு 7.15

படம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு துளசி மாடம் வைத்து மறைத்துவிடாதீர்கள், ரீடிங் எடுக்க வருகிறவர் திட்டுவார்.

என் ஏசிபியைக் கழற்றப் போகிறேன். நூற்றுப் பத்து போக மிச்ச ஓடு எவ்வளவு இருக்கிறது? கொடுப்பீர்களா?


பெண்ணையாற்றங்கரை | ஞாயிறு, இரவு 7.40

தொள்ளாயிரம் பக்கம் இருக்கும். அப்பாவிடம் கேட்டேன். வீடு எந்தப் பக்கம் பார்த்தது என்று முதலில் கேட்கச் சொல்கிறார்.